ஏகாம்பரத்துக்கு மலர்வளையம் கிடையாது

ஓடுதா அந்த மெஷினு? ஓடட்டும். முதல்ல என் பேரைப் பதிவு பண்ணிக்குங்க தம்பி. பின்னாடி யாரோ ஒரு பெரியவர் சொன்னாருன்னு மொட்டையா போட்டுடக் கூடாது. எக்ஸ் நாயக் துரைக்கண்ணு. சிக்னல் பிளாட்டூன், லைன்மேன். அறுபத்தஞ்சுல சேந்து எண்பதுல வெளிய வந்தவன். இந்த ஊரு முன்னாள் ராணுவத்தார் சங்கத்துக்குப் பத்தொம்பது வருஷமா செயலாளர். வாசல்ல போர்டு பாத்திருப்பீங்க, அதுல மூணாவது பேரு.

எழுத்தாளர் ஏகாம்பரத்துக்கு நினைவு மலர் போடறீங்க. காலேஜுல வாத்தியாரு நீங்க. கூட இருந்தவங்க நாலு வார்த்தை நல்லதா சொன்னா அச்சுல ஏத்தலாம்னு வேலூர்லேருந்து வெயில்ல வந்திருக்கீங்க. நாலு இல்ல, நாப்பது வார்த்தை சொல்றேன். நல்லதா இருக்காது. அதுக்கு ஒத்துக்கினா உக்காருங்க. இல்லன்னா டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க, எனக்கு வருத்தம் இல்ல.

உக்காந்துட்டீங்க. சரி.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. தொண்ணூத்தாறாம் வருஷம் ஒரு தீபாவளி மலர்ல அவன் 'அறுந்த லைன்'னு ஒரு கதை எழுதினான். அது பொய்யின்னு உங்க புத்தகத்துல அச்சாகணும். கோமளான்னு ஒரு பொண்ணு இருக்கா, ஆம்பூர்ல டீச்சர், அவ அதைப் படிக்கணும். படிச்சிட்டு என்னைப் பழையபடி சித்தப்பான்னு கூப்பிடணும். இருபத்தெட்டு வருஷமா அவ வாயிலேருந்து அந்த முறை வரல. அவ்வளவுதான் என் வழக்கு. ஏகாம்பரம் செத்துட்டான், அதனால விட்டுடுவேன்னு நினைக்காதீங்க. செத்தவன் மேல பழி சொல்லக் கூடாதும்பாங்க. உசுரோட இருக்கறவன் மேல அவன் எழுதிட்டுப் போனானே, அதுக்கு எவனும் ஒண்ணும் சொல்லலையே.

அவனைப் பத்தி முதல்ல சொல்றேன், கேளுங்க. எங்க பட்டாலியன்ல கிளார்க் அவன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், மூக்குக் கண்ணாடி, வெத்தலைக் காம்பு மாதிரி கழுத்து. துப்பாக்கி தூக்கினதை விடப் பேனா தூக்கினதுதான் ஜாஸ்தி. எழுபத்தொண்ணு சண்டையில தோள்ல காயம்னு உங்க பேப்பர்ல எல்லாம் எழுதறீங்க. ஒரு சில்லு பட்டுச்சு. சாப்பாட்டு டின்னைத் தூக்கினு முன்னாடி பங்கருக்குப் போனான், வழியில பட்டுச்சு. கிளார்க்குக்கு அது இன்னா வேலை, எவன் போகச் சொன்னான்? பட்டும் டின்னைக் கீழ வைக்கலயாம். பருப்பு சிந்தக் கூடாதுன்னு. அதுக்கு ஒரு மெடலு.

ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா எங்காளுங்க அவன் டென்ட்டு வாசல்ல வரிசையில நிப்போம். எங்கள்ல பாதிப் பேருக்கு எழுத வராது. இன்லேண்ட் லெட்டரை நீட்டினா அவன்தான் எழுதித் தருவான். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன். 'நல்லா இருக்கேன்'னு சொன்னா எழுத மாட்டான். "நல்லா இருக்கேன்னு எழுதினா உன் பொண்டாட்டி நம்ப மாட்டாடா. நேத்து இன்னா சாப்பிட்ட, அதைச் சொல்லு. கால்ல புண்ணு இருந்துச்சே, ஆறிடுச்சா, அதைச் சொல்லு"ம்பான். நாமளும் அசடு மாதிரி எல்லாத்தையும் கொட்டுவோம். அவன் காதுல வாங்கிப்பான். எங்க எல்லார் வயித்துல இருந்ததும் அவன் வயித்துக்குப் போச்சு. பின்னாடி அவன் கதைன்னு எழுதினது பூரா அதுதான் தம்பி. சண்டைக்கு முன்னாடி நாள் எல்லாருக்கும் இலவசமா ஷேவிங் பண்ணிவிட்ட பார்பர் கதைன்னு ஒண்ணு இருக்கே, பாடப் புத்தகத்துல வந்ததே, அந்தப் பார்பர் எங்காளு. கோவேறு கழுதையை விட்டுட்டு வர மாட்டேன்னு அழுதவன் எங்காளு. அவன் தன் கற்பனையில எழுதினது ஒரு வரி காட்டுங்க பாப்போம்.

அப்ப எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. மறைக்கல. அவன் சுபேதாரா ரிட்டயர் ஆகி இங்க ஸ்கூல் ஆபீசுல வேலைக்கு உக்காந்து, பழைய மெசேஜ் பேடு பின்பக்கத்துல கதை எழுதி எழுதி முதல் புத்தகம் வந்தப்ப, நம்ம சங்கத்துல கூட்டம் போட்டு முதல் பொன்னாடை போத்தினது யாரு? நான்தான். நம்ப வச்சுக் கழுத்தறுக்கப் போறான்னு எனக்குத் தெரியுமா?

இப்ப பொன்னுரங்கம் யாருன்னு சொல்லணும்.

அவனும் நானும் ஒரே நாள்ல வேலூர் கோட்டை மைதானத்துல ஆளெடுப்புல நின்னவங்க. ஒரே டிரெய்னிங், ஒரே பிளாட்டூன். லைன்மேனுங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் போவாங்க, நாங்க ஜோடி. எங்க வேலை இன்னான்னா, முன்னாடி இருக்கற கம்பெனிக்கும் பின்னாடி இருக்கற ஆபீசருக்கும் நடுவுல டெலிபோன் கேபிள் ஓடும். குண்டு விழுந்து அது அறுந்துச்சுன்னா போய் ஒட்டணும். எங்க அறுந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே? கேபிளைக் கையில எடுத்து உள்ளங்கையில ஓட விட்டுக்கினே நடக்கணும். எங்க கை காலியா ஆவுதோ அங்க அறுந்திருக்கு. ஒருத்தன் முன்னால, ஒருத்தன் பின்னால. எது ஆனாலும் கேபிளைக் கையிலேருந்து விடக் கூடாது. அந்தக் கம்பிதான் ரெண்டு பேருக்கும் வழி.

அந்த எழுபத்தொண்ணு சண்டைதான், டிசம்பர் மாசம். பஞ்சாப் எல்லை. விடியக்காலைப் பனி, கரும்புக் காடு, தன் கை தனக்குத் தெரியாது. லைன் செத்துப்போச்சு. "பொன்னுரங்கம், துரை, ஜாவ்"ன்னாங்க. போனோம். அவன் முன்னால, நான் பின்னால. வாய்க்கால் ஒண்ணைத் தாண்டினதும் குண்டு விழ ஆரம்பிச்சுச்சு. பொன்னுரங்கத்துக்கு வயித்துல பட்டுது. என் மடியில தலை வச்சு, "துரை, கோமளாவைப் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனான். அவன் பொண்ணு கோமளாவுக்கு அப்ப ஒண்ணரை வயசு. இதுதான் நடந்தது. இதைத்தான் நான் அவன் சம்சாரம் சகுந்தலா அண்ணிகிட்ட சொன்னேன், ஊருக்குச் சொன்னேன், கோமளா வளர வளர அவளுக்குச் சொன்னேன். ராத்திரி தூங்க வைக்கறப்போ கதை சொல்லுங்க சித்தப்பான்னா, அவ கேக்கற கதை இது ஒண்ணுதான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? நான் தப்பா சொன்னா அவ திருத்துவா. "இல்ல சித்தப்பா, முதல்ல தண்ணி கேட்டாரு, அப்புறம்தான் பேரைச் சொன்னாரு"ம்பா.

நான் சும்மா வாயால பாத்துக்கல. அவ ஸ்கூல் சேர்த்த ஃபாரத்துல காப்பாளர் கையெழுத்து என்னுது. டீச்சர் டிரெய்னிங் போனப்ப பெட்டி தூக்கினு போனது நான். அவ கல்யாணத்துல அப்பன் ஸ்தானத்துல உக்காந்து நானும் என் சம்சாரம் அலமேலுவும்தான் தாரை வாத்துக் குடுத்தோம். எனக்குன்னு ரெண்டு பசங்க இருக்காங்க, அவனுங்க கல்யாணத்துல கூட எனக்குக் கண்ணு கலங்கல. அன்னிக்குக் கலங்குச்சு. வருஷா வருஷம் பொங்கல் சீர் என் வீட்டுலேருந்துதான் போவும். கரும்பு, மஞ்சக்கொத்து, பச்சரிசி, வெல்லம், புடவை. பஸ்ஸுல கரும்பு ஏத்த மாட்டேங்கற கண்டக்டர்கிட்ட சண்டை போட்டுக்கினு போவேன்.

அந்த வாயில வச்ச சோத்துல ஏகாம்பரம் மண்ணள்ளிப் போட்டான்.

எப்படின்னு கேளுங்க. சண்டை நின்னு மூணாம் நாள் எனக்குச் சோறு இறங்கல. தூக்கம் இல்ல. எங்க அண்ணனுக்கு ஒரு லெட்டர் போடணும்னு ஏகாம்பரத்துகிட்ட போனேன். அன்னிக்குத் தோள்ல கட்டோட உக்காந்திருந்தான். நான் சொன்னேன், அவன் எழுதினான். மனசு சரியில்லாதவன் ஆயிரம் சொல்வான். நடுவுல நிறுத்தல, கேள்வி கேக்கல, வழக்கமா எழுதி முடிச்சுத் திருப்பிப் படிச்சுக் காட்டுவான், அன்னிக்குப் படிச்சும் காட்டல. மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கினான். "துரை, இது போவாது. சென்சார் ஆபீசர் கையில சிக்கினா உன்னைக் கோர்ட் மார்ஷல்ல நிறுத்திடுவாங்க"ன்னான். "அப்போ கிழிச்சிடு"ன்னேன். "சரி, நீ போய்ச் சாப்பிடு"ன்னான்.

நானும் நம்பிட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புத்தியில உறைச்சுது. சென்சார் ஆபீசருக்குத் தமிழ் தெரியாது தம்பி. தமிழ் லெட்டரைப் படிச்சுப் பாத்து ஒண்ணும் இல்ல சாப்னு சொல்றவனே ஏகாம்பரம்தான். அப்புறம் எப்படிச் சிக்கும்? வேணும்னேதான் வச்சுக்கினான். பின்னாடி கதை எழுத உதவும்னு எடுத்து வச்சுக்கினான். அதுக்குப் பேரு திருட்டு இல்லாம இன்னா?

இருபத்தஞ்சு வருஷம் வச்சிருந்து எழுதினான். பேரை மாத்தியிருந்தான். பொன்னுரங்கத்தைப் பொன்னன்னு போட்டிருந்தான், எனக்கு இன்னொரு பேரு. ஊரை மாத்தியிருந்தான். ஆனா ஒரு இடத்துல, செத்தவன் பையில ஒரு லெட்டர் இருந்துச்சு, அதுல குழந்தையோட பாதத்தைக் குங்குமத்துல தோய்ச்சுப் பதிச்சிருந்துச்சுன்னு எழுதியிருக்கான். சகுந்தலா அண்ணி அப்படி ஒண்ணு அனுப்பினது நிஜம். அந்தப் பாதம் கோமளா பாதம். ஊருக்குத் தெரியாது, அந்த வீட்டுக்குத் தெரியும். கதையில இன்னா வருது? ஜோடியில ஒருத்தன் குண்டுக்குப் பயந்து கேபிளைக் கையிலேருந்து விட்டுட்டு வாய்க்கால்ல விழுந்து படுத்துக்கறான். இன்னொருத்தன் முன்னால போயிட்டே இருக்கான், அடிபட்டு விழறான். பனி விலகினதும் இவன் போய்ப் பாக்கறான், அவன் தனியா செத்துக் கெடக்கறான். கடைசி வார்த்தை ஒண்ணும் இல்ல. ஊருக்கு வந்து இவன் பொய் சொல்றான்.

படுத்தேன். படுக்காம? குண்டு விழுந்தா படுக்கணும்னுதான் டிரெய்னிங். நீங்க அங்க நின்னிருந்தா தெரியும். வாய்க்கால் இருந்துச்சு, படுத்தேன், அதுக்கப்புறம் எழுந்து போகாமலா இருந்தேன்? போனேன். மடின்னு சொல்றது... சரி, மடியில இல்லன்னே வச்சுக்குங்க, பக்கத்துலன்னு வச்சுக்குங்க. ஒரு குழந்தைக்குச் சொல்றப்போ மடின்னுதான் சொல்ல வரும். அதுல இன்னா குத்தம்?

அந்தத் தைப் பொங்கலுக்கு வழக்கம் போல சீர் எடுத்துக்கினு ஆம்பூர் போனேன். கதை வந்தது எனக்குத் தெரியும், அவ படிச்சிருப்பாளா மாட்டாளான்னுதான் தெரியல. கதவைத் திறந்தா. "வாங்க"ன்னா. "உக்காருங்க"ன்னா. கரும்பை வாங்கிச் சுவத்துல சாச்சு வச்சா. "தண்ணி குடிக்கறீங்களா"ன்னா. நான் காத்துக்கினே இருக்கேன். வாங்க சித்தப்பான்னு ஒரு வார்த்தை. வரல. மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல, தபால்காரருக்கும் அதே மரியாதைதான் குடுப்பா.

காப்பி கொண்டாந்து வச்சிட்டு எதிர்ல தரையில உக்காந்தா. மாப்பிள்ளை உள்ள போயிட்டாரு. "ஒரே ஒரு தடவை கேக்கறேன். இன்னா நடந்திருந்தாலும் எனக்குக் கோவம் கிடையாது. என்னை வளர்த்தது நீங்க, அது மாறாது. அப்பா கடைசியா இன்னா சொன்னாரு?"ன்னா.

நான் சொன்னேன். மடியில தலை வச்சதைச் சொன்னேன். தண்ணி கேட்டதைச் சொன்னேன், என் பாட்டில்ல இருந்து குடுத்ததைச் சொன்னேன். அந்த லெட்டரை எடுத்துக் குங்குமப் பாதத்துல முத்தம் குடுத்தாருன்னு அன்னிக்குப் புதுசா ஒண்ணு சேர்த்தும் சொன்னேன். அவ என் மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தா. சொல்லி முடிச்சேன். "சரி, காப்பி ஆறுது குடிங்க"ன்னா. அதோட சரி.

இன்னிக்கு வரைக்கும் வருஷா வருஷம் போறேன் தம்பி. சீர் வாங்கிக்கறா. இலை போட்டுச் சோறு போடறா. அலமேலு போய்ச் சேந்தப்ப வந்து மூணு நாள் இருந்து எல்லா வேலையும் செஞ்சா. ஆனா கூப்பிட மாட்டா. இங்க பாருங்கம்பா, கொஞ்சம் கேளுங்கம்பா. அவ பொண்ணு என்னை 'அவரு வந்திருக்காரு'ங்குது. பேச வந்ததுலேருந்து அப்படித்தான் சொல்லுது. யாரு அந்த 'அவரு'?

பொங்கல் முடிஞ்ச மறுநாளே குடையை எடுத்துக்கினு ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். அடிக்கணும்னுதான் போனேன். அவன் சம்சாரம் முறத்துல மொச்சை உரிச்சுக்கினு இருந்தாங்க. இவன் ஸ்டூல்ல அட்டை வச்சு எழுதிக்கினு இருக்கான். சட்டையைப் பிடிச்சுத் தூக்கினேன். அந்தம்மா அலறுது. அவன் கையைக் கூட ஓங்கல. "துரை, நான் பாதிதான் எழுதினேன்"ன்னான். "மீதி?"ன்னேன். "மீதி என்னோட இருக்கும்"ன்னான்.

பாத்தீங்களா மிரட்டலை. எவ்வளவு நிதானமா மிரட்டறான். மீதி கையில இருக்கு, நீ வாலாட்டினா அதையும் எழுதுவேன்னு சொல்லாம சொல்றான். அன்னிலேருந்து எந்தப் பத்திரிகையில அவன் பேரு வந்தாலும் விட மாட்டேன். கடையில நின்னே படிப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்கறவன் நான், ஒரு கதை படிக்க ஒரு மணி நேரம் ஆவும். இதுல இருக்குமோ, இதுல இருக்குமோன்னு. இருபத்தெட்டு வருஷம் அவன் கதை ஒண்ணு விடாம படிச்ச ஆளு இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான் இருப்பேன். மீதி வரவே இல்ல. அப்படியே தொங்க விட்டு வேடிக்கை பாத்தான்.

நான் சும்மா இல்ல. என்னால ஆனதைச் செஞ்சேன். அந்தப் பத்திரிகைக்கு அஞ்சு பேருல அஞ்சு லெட்டர் போட்டேன், இந்த ஆளு ராணுவத்தைக் கேவலப்படுத்தறான்னு. கையெழுத்து ஒரே மாதிரி இருந்திருக்கும், போடல. குடியரசு தினத்துக்கு நம்ம சங்கத்துல கொடி ஏத்த அவனைக் கூப்பிடணும்னு ரெண்டு பேரு கேட்டாங்க, நான் செயலாளரா இருக்கற வரைக்கும் நடக்காதுன்னேன். அவனுக்கு ஏதோ விருது குடுத்தாங்களே, மேடையில, அன்னிக்கு முன் வரிசையில உக்காந்து அவன் பேச எழுந்ததும் எழுந்து வெளிய நடந்தேன். என் பின்னாடி நம்மாளுங்க ஒம்பது பேரு. அவன் மைக்கைப் பிடிச்சுக்கினு நாங்க போறதையே பாத்தான். நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துட்டான்னாங்க.

போன ஆனியில செத்தான். நம்ம சங்கத்துல ஒரு வழக்கம் உண்டு. மெம்பர் யாரு செத்தாலும், எந்தச் சாதி எந்தத் தெரு ஆனாலும், தொப்பி மெடலோட எல்லாரும் போவோம். மலர்வளையம் வைப்போம். தெரு முனை வரைக்கும் நாங்கதான் தூக்குவோம், அப்புறம்தான் சொந்தக்காரங்க. ஒரு சல்யூட். அதுக்காகவே உசுரை வச்சிருக்கற கிழவனுங்க இருக்கானுங்க. ஏகாம்பரம் சம்சாரம் காலையிலயே ஆள் விட்டாங்க, அப்புறம் அவங்களே இந்தப் படியில வந்து நின்னாங்க. "அவரு வேற எதுவும் கேக்கல. நம்மாளுங்க வந்து தூக்கணும்னு மட்டும் கேட்டாரு"ன்னாங்க. நான் ரிஜிஸ்டரை விரிச்சுக் காட்டினேன். மெம்பர் கார்டு புதுப்பிக்கல, சட்டப்படி அவரு மெம்பர் இல்லன்னேன். அவன் மூணு தடவை விண்ணப்பம் குடுத்தான், மூணையும் நான்தான் டிராயர்ல போட்டேன், அது வேற. அந்தம்மா படியில இறங்கறப்போ கைப்பிடியைப் பிடிச்சுக்கினு நிதானமா இறங்கினாங்க.

சவம் போறப்போ எதிர் டீக்கடையில நின்னேன். ஒரு தொப்பி இல்ல, ஒரு மெடல் இல்ல. அப்புறம் சங்கத்துக்குள்ள வந்து நம்ம ஆளுங்க பதினோரு பேரும் கேரம் ஆடினோம், ஆட வச்சேன். ஒருத்தன் "பாவம் துரை, போலாம்டா"ன்னான். போடறியா இல்லியா காயைன்னேன். பழிக்குப் பழி தீந்துச்சுன்னு வீட்டுக்கு வந்து வயிறு நிறைய சாப்பிட்டேன்.

இருங்க, ஒண்ணு கேக்கணும். அவன் பெட்டி, பேப்பர் எல்லாம் நீங்கதான பாத்தீங்க? அதுல பழைய இன்லேண்ட் லெட்டர் ஏதாச்சும் இருந்துச்சா? நீலக் கலரு, பென்சில்ல எழுதினது.

இல்ல? நல்லா தேடினீங்களா? ஓகோ. அந்தம்மா சொன்னாங்களா. அந்தக் கதை அச்சான அன்னிக்கே அடுப்புல ஒரு காகிதத்தைப் போட்டு எரிச்சாரு, அது இன்னான்னு எங்கிட்ட கூட சொல்லலன்னாங்களா. சரி. சரி. அப்போ இனிமே அது இல்ல. அவனும் இல்ல, அதுவும் இல்ல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ராத்திரியில தூங்கியிருப்பேன்.

ஆகவே நீங்க இன்னா எழுதணும்னா, ஏகாம்பரம் எழுதின 'அறுந்த லைன்' கதை உண்மைக்குப் புறம்பானது, நேர்ல இருந்தவன் துரைக்கண்ணு சொல்றேன், பொன்னுரங்கம் என் பக்கத்துலதான்...

இன்னா சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க.

அந்தக் கதையைப் படிக்கறவங்களுக்கு வாய்க்கால்ல படுத்தவன் மேல கோவம் வராதா? பரிதாபம்தான் வருமா? உங்க காலேஜுல பசங்க அழுவாங்களா அவனுக்காக? குண்டுச் சத்தத்துல அவனுக்குக் காது அடைச்சுப் போச்சு, கூட்டாளி ஒரே அடியில செத்துட்டான், கூப்பிடக் கூட இல்ல, அதனால இவன் பேர்ல தப்பே இல்லன்னு ஏகாம்பரம் எழுதியிருக்காருன்னு சொல்றீங்க. எழுதியிருக்கான், எனக்குத் தெரியும், நூறு தடவை படிச்சிருக்கேன். அந்தச் சிப்பாய் மேல ஆசிரியருக்கு அவ்வளவு அன்புங்கறீங்க.

அன்பா? எவன் கேட்டான் அவன் அன்பை? நான் கேட்டேனா? எனக்குப் பிச்சை போட அவன் யாரு? இந்த இருபத்தெட்டு வருஷம் அவன் போட்ட பிச்சையிலதான் நான் உக்காந்திருந்தேன்னு சொல்றீங்களா? அவனுக்கு மலர்வளையம் வைக்காத நான், அவன்கிட்ட வாங்கித் தின்னவன்னு எழுதப் போறீங்களா?

அதுதான் தம்பி பொய். அந்த இடம்தான். அதை நான் நிரூபிக்கறேன், எழுதிக்குங்க.

காது அடைக்கல. குண்டு மொத்தம் ஏழோ எட்டோதான் விழுந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. பனியில அவ்வளவு அமைதி, ஒரு குருவி கத்தினா கேக்கும். பொன்னுரங்கம் ஒரே அடியில சாகல. அடி பட்டும் அவன் கேபிளை விடல. "துரை, கிடைச்சிருச்சு, இங்கதான் அறுந்திருக்கு, வா"ன்னு முதல்ல கூப்பிட்டான். வேலைக்குக் கூப்பிட்டான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. இருபது கஜம் இருக்கும். கேபிள் என் மூஞ்சி கிட்ட தரையில கெடக்குது, பிடிச்சுக்கினு போனா போயிடலாம். கையை நீட்டல. அப்புறம் "துரை, கையைக் குடு"ன்னான். அவன் பக்கம் கேபிள் இழுபட்டுச்சு, அவன் அந்த முனையைப் பிடிச்சு இழுக்கறான், இந்தப் பக்கம் என் கண்ணு முன்னாடி கம்பி ஆடுது. நான் பாத்துக்கினே இருந்தேன். மூணு தடவை இழுத்தான். அப்புறம் வெறும் பேருதான். துரை. துரைன்னு. வெயில் வர வரைக்கும் சொன்னான். கோமளா பேரை அவன் சொல்லவே இல்ல. தண்ணி கேக்கல. அம்மான்னு கூடச் சொல்லல. கடைசி வரைக்கும் என் பேருதான்.

இதை அத்தனையும் நான் ஏகாம்பரத்துகிட்ட சொன்னேன், அவன் அந்த லெட்டர்ல எழுதினான். தெரிஞ்சே மறைச்சான். இப்ப சொல்லுங்க, அவன் பொய் எழுதினானா இல்லியா?

எதுக்குத் தலையைக் குனியறீங்க? நிமிந்து பாருங்க. ஒரு எழுத்து விடாம போடணும். எழுத்தாளர் ஏகாம்பரம் எழுதினது பொய், துரைக்கண்ணு சாட்சின்னு பெருசா போடணும். முதல் புத்தகம் ஆம்பூருக்குப் போகட்டும். பேனா குடுங்க, கோமளா விலாசத்தை நானே எழுதறேன். அனுப்பினவங்க பேரு போடற இடத்துல துரைக்கண்ணுன்னு போட வேணாம். சித்தப்பான்னு போடுங்க.